மணல் கணக்கு

சென்னையின் மிகப் பெரிய பொதுவெளியான மெரினாவை எந்த நகரமைப்பு வல்லுநரும் வரைந்து உருவாக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அலைகள் புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலுக்கு மிக அருகில் வந்து மோதின. கடல் மதிலைத் தின்றுவிடாமல் இருக்கக் கற்களைக் கொட்டிக் காக்க வேண்டியிருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசுலா படகுகள் அலையைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தன. இந்த அவதிக்கு முடிவு கட்டத்தான் 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பின்படி இரண்டு நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். கட்டிய நாளிலிருந்தே தெற்குச் சுவரின் பக்கத்தில் மணல் சேர்ந்து கரை கடலை நோக்கி நகர ஆரம்பித்தது. அந்தப் புதிய கரையின் ஓரத்தில் 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். இன்று சராசரியாக 300 மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும் அந்த மணல், துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திய மணல்.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான், மெரினாவிலிருந்து கோவளம் வரை இன்று பேசப்படும் கடற்கரை மேம்பாடுகளை எடைபோட முடியும். சோழமண்டலக் கரைக்கு அலைகள் நேராக வருவதில்லை, சாய்ந்து வருகின்றன. சாய்ந்து வரும் அலை மணலைச் சாய்வாகக் கரையேற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் துகள் சில அடி தள்ளிப் போய்விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நகர்வு வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நடக்கிறது. வடக்கு நோக்கிய மாதங்களே அதிகம் என்பதால், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே போயிருக்கும். எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். வீடு கட்டுகிறவர்கள் வாங்கும் இரண்டு யூனிட் மணல் லாரியால் அளந்தால், ஒரு லட்சம் கன மீட்டருக்கே 17,000 லாரிக்கு மேல் ஆகும். இத்தனை மணலும் பட்டினப்பாக்கத்தையும் நொச்சிக்குப்பத்தையும் கடந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. குப்பத்து மீனவர்கள் இதை எந்தக் கருவியும் இல்லாமல் அறிவார்கள். தெற்கிலிருந்து ஓடும் நீருக்கும் வடக்கிலிருந்து ஓடும் நீருக்கும் அவர்களிடம் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. எந்த நீரில் எந்த வலை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மெரினாவுக்குக் கிடைத்தது வேறொருவரிடமிருந்து பறிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் நின்றது. அலை மட்டும் நிற்கவில்லை. வழக்கம்போல் அங்கிருந்த மணலை எடுத்து வடக்கே கொண்டுபோனது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கரை உள்வாங்கியது. வீடுகளும் தெருக்களும் கோயில்களும் போயின. கருங்கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் என்ற கற்தடுப்புகளை அமைத்தார்கள். ஒவ்வொரு தூண்டில் வளைவும் தன் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்து, அரிப்பைத் தன் வடக்கே தள்ளிவிட்டது. துறைமுகமே மணலால் அவதிப்பட்டது. கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயில் தூர்ந்துகொண்டே வந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பு எடுத்த ஒரு முடிவின் செலவை வடசென்னை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தின் சுவர்கள் மணலை மறித்தன. சில ஆண்டுகளில் நகரின் முகமாக இருந்த கடற்கரை காணாமல்போய்க் கற்குவியல் மிஞ்சியது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-19இல் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்த பிறகே அங்கு கொஞ்சம் மணல் திரும்பியது.

நகரத்தின் கடலோரத்துக்கு நீண்டகாலத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது மணல் கணக்குதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, நாம் கட்டப்போவது அதில் எதை மறிக்கும், மறித்ததை யார் எப்போது திருப்பிக் கொடுப்பார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகே நிலப் பயன்பாட்டு வண்ணங்களைத் தீட்டலாம். நடந்தவை இதற்கு நேர்மாறாக இருந்தன. 1985இல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது மோதல் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். 2003இல் மலேசியாவின் துணையோடு மெரினாவைச் சுற்றிய கரையை மாற்றியமைக்கும் திட்டம் பேசப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலோர உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்தது, அதுவும் காகிதத்திலேயே நின்றது. 2022இல் மெரினா முதல் கோவளம் வரையிலான கரையை மீட்டுப் புதுப்பிக்கும் திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கையில் எடுத்தது. நகரத்துக்கு அந்தக் குழுமம் வகுத்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. பெயர்களும் ஆட்சிகளும் மாறினாலும் இவற்றில் பெரும்பாலானவற்றின் பார்வை ஒன்றுதான்: கரை என்பது கட்டுவதற்குக் காத்திருக்கும் காலி மனை. கரை மனை ஆகாது. அதன் எல்லை ஒவ்வொரு பருவத்திலும் நகர்கிறது.

அடையாற்று முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். உல்லாசப் படகுத்துறை, அதைச் சுற்றி உணவகங்களும் அலுவலகங்களும் என்று யார் கனவு கண்டாலும் கண் முதலில் போகும் இடம் அதுதான். வடக்கே சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும், தெற்கே பிரம்மஞான சபையின் தோப்பும் பெசன்ட் நகரும் இருக்க, நடுவே அகன்ற நீர்ப்பரப்பு. வரைபடத்தில் பார்த்தால் இயற்கையே கட்டிக்கொடுத்த துறைமுகம் போலத் தெரியும். அங்கே நிற்கும் உடைந்த பாலம் வேறு சேதி சொல்கிறது. 1967இல் கட்டிய அந்தப் பாலம் பத்தே ஆண்டுகளில், 1977இல், ஆற்றின் வேகத்தில் உடைந்தது. சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தால் உள்ளே போய் வெளியே வரும் நீர் முகத்துவாரத்தைத் தானாகத் திறந்து வைத்திருக்கப் போதாது. மழைக்காலத்தில் வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு போகும். கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு பொக்லைன் வைத்து வாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. படகுத்துறைக்கு ஆண்டு முழுவதும் ஆழம் மாறாத வழி வேண்டும். அந்த வழிக்கு இருபுறமும் கடலுக்குள் கற்சுவர்கள் வேண்டும். கூவத்தின் வாயில் அப்படிப்பட்ட சுவர்கள் இருந்தும் தூர்வாருவது ஓயவில்லை.

சுவர் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் புதிய ஆய்வு தேவையில்லை, 1881க்குப் பிந்தைய சென்னை வரலாறே போதும். பெசன்ட் நகர்ப் பக்கம் மணல் சேரும், எலியட்ஸ் கடற்கரை அகலமாகும், அங்கே மனை விலை ஏறும். சுவருக்கு வடக்கே இருக்கும் சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் பட்டினி கிடக்கும். அந்தக் கரை ஏற்கெனவே மெலிந்த கரை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அலை அடித்து அங்கு வீடுகள் விழுந்தன. அதற்கும் வடக்கே இருப்பது மெரினா. மெரினாவுக்கு மணல் அனுப்பும் வழியும் இந்த முகத்துவாரத்தைக் கடந்துதான் போகிறது. துறைமுகம் ராயபுரத்துக்குச் செய்ததை, அடையாற்றில் எழும் சுவர்கள் மயிலாப்பூரின் கரைக்குச் செய்யும். அகலமான மெரினா உடனே கரைந்துவிடாது, பல பத்தாண்டுகள் தாங்கும். குறுகிய பட்டினப்பாக்கம் தாங்காது. இழப்பு எப்போதும் மெலிந்த இடத்திலும் எளிய வீடுகளிலும்தான் தொடங்குகிறது.

கடலோரத்தில் நடப்பது கடலோரத்தோடு முடிவதுமில்லை. தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் தூர்த்து, அன்றைய புதிய நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு தெருக்களும் பூங்காக்களும் அமைத்தார்கள். பனகல் பார்க்கைச் சுற்றி நேர்த்தியாக ஆரம் ஆரமாகப் பிரியும் தெருக்கள் அந்தக் காலத் திட்டமிடலின் அழகான சான்று. ஏரிக்கு வந்துகொண்டிருந்த மழைநீருக்கு மாற்றிடம் என்ன என்ற கேள்வி மட்டும் தீர்க்கப்படாமல் போயிற்று. அந்த நீரில் ஒரு பங்கு மாம்பலம் கால்வாய் வழியாக நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. அடையாற்றின் வாய் அடைபட்டாலோ, அதன் படுகையில் மேடை கட்டி அகலத்தைக் குறைத்தாலோ, தண்ணீர் உஸ்மான் சாலையில் நிற்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டபோது, அதோடு ஆற்றின் பிற கிளைகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் வந்த வெள்ளமும் சேர்ந்தது. சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. இத்தனைக்கும் ஒரே வெளியேறும் வழி அந்த முகத்துவாரம். அங்கே படகுக்காக நிலையான நீர்மட்டத்தை வைத்துக்கொள்வதும், வெள்ளத்துக்காக வாயை விரியத் திறந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் சிங்கப்பூர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்பது நியாயமான கேள்வி. பேராசை என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. கடல் இருந்தும் கடல்சார்ந்த வேலைவாய்ப்பும் வருவாயும் போதுமான அளவு இல்லாத நகரம் சென்னை. சிங்கப்பூரின் மெரினா விரிகுடாவில் 1970களில் நிலம் மீட்கத் தொடங்கினார்கள். ஆற்றின் வாயில் தடுப்பணை 2008இல் திறக்கப்பட்டது. அங்கே அடையாளமாகிவிட்ட மூன்று கோபுர விடுதி 2010இல் வந்தது. நாற்பது ஆண்டுகள் அவசரப்படாமல் காத்திருந்த அந்தப் பொறுமையை நாம் நிச்சயம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூர் ஒரு நீரிணையின் ஓரத்தில் தீவுகளின் மறைவில் இருக்கிறது. வங்கக் கடலின் புயல் அலை அங்கே கரையை அறைவதில்லை. ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் மணல் அந்தக் கரையோரம் நடந்து போவதுமில்லை. கொச்சியின் போல்காட்டி தீவில் படகுத்துறை இயங்குவதற்கும் காரணம் அமைதியான காயல்தான். திறந்த கடலோரத்தில் கட்டியதற்குச் சரியான உதாரணம் கொழும்புத் துறைமுக நகரம். 2014இல் தொடங்கி 2019 தொடக்கத்துக்குள் 269 ஹெக்டேர் நிலத்தைக் கடலில் உருவாக்கினார்கள். அதற்குக் கடலடியிலிருந்து சுமார் 6.5 கோடி கன மீட்டர் மணல் தோண்டப்பட்டது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான அலைத்தடுப்பும் கட்டப்பட்டது. மணல் தோண்டியதால் தங்கள் மீன்பாடு அழிகிறது என்று நீர்கொழும்பு மீனவர்கள் போராடினார்கள். நிலம் உருவாகிவிட்டது, அதை நிரப்ப வேண்டிய வணிகம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் பொறியாளர்களுடையது, இன்னும் வலுவானது. சுவர் மணலை மறித்தால் மறித்த மணலை எடுத்து மறுபக்கம் போட்டுவிடலாமே என்பார்கள். போடலாம். ஆஸ்திரேலியாவில் டுவீட் ஆற்றின் வாயில் 2001 முதல் குழாய் வழியே ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர் மணலை ஒருபுறமிருந்து மறுபுறத்துக்கு அனுப்புகிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே மணலைப் பிடித்து, தூர்வாரி, வடக்கே ஆர்.கே. கடற்கரைக்குக் கொடுக்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அப்படியும் அந்தக் கடற்கரை அவ்வப்போது அரிக்கப்படுகிறது. தொழில்நுட்பம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் ஐயம் நிர்வாகத்தின் மீது. மணலை மறித்த கணத்திலிருந்து, சுவர் நிற்கும் காலம் முழுவதும், ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கடைகளின் வாடகை குறைந்த ஆண்டிலும் செய்ய வேண்டும், அரசு மாறிய ஆண்டிலும் செய்ய வேண்டும். கட்டுமானச் செலவை ஒரு முறை ஒதுக்கிவிட்டு, பராமரிப்பை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் பழக்கம் நமக்கு நெடுங்காலமாக உண்டு. பக்கிங்காம் கால்வாய்க்கு நேர்ந்த கதி அதற்குச் சான்று. பஞ்ச காலத்தில், 1870களின் பிற்பகுதியில், பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் நகரப் பகுதியை வெட்டினார்கள். இன்று மயிலாப்பூரில் அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன, கீழே சாக்கடை ஓடுகிறது. இருந்த நீர்வழியைக் காக்காத நகரம் புதிதாக ஒன்றை எப்படிக் காக்கப்போகிறது என்பதற்குத் திட்ட ஆவணத்திலேயே பணத்தோடும் பொறுப்பாளரின் பெயரோடும் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு குரல் கேட்கும். கடற்கரை எல்லோருக்கும் பொது, குப்பங்கள் அதை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று. நொச்சிக்குப்பமும் அயோத்திக்குப்பமும் ஊரூர் குப்பமும் கடலோடு வாழும் ஊர்கள். படகை ஏற்றவும் வலையைக் காய வைக்கவும் பழுது பார்க்கவும் மணல்தான் அவர்களின் பட்டறை. மீன்பிடித் துறைமுகம் இல்லாமலேயே ஃபைபர் படகுகள் இயங்க முடிவது அந்த அகலமான மணல் இருப்பதால்தான். 2024இல் மெரினா லூப் சாலையில் மீன் அங்காடி திறக்கப்பட்டது ஒரு நல்ல ஏற்பாடு. அங்காடி விற்பனைக்கு உதவும், படகு நிறுத்தும் மணலுக்கு ஈடாகாது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் குடியிருப்புகளின் எதிர்கால விரிவாக்கத்துக்கான நீண்டகால வீட்டுத் திட்டங்களைக் கரையோர மேலாண்மை வரைபடத்தில் காட்டச் சொன்னது. கடலோரத்துக்கு நீண்டகாலத் திட்டம் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.

இப்போது காலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உலகக் கடல்மட்டம் 2006க்கும் 2018க்கும் இடையில் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அந்த வேகமே நீடித்தாலும் 25 ஆண்டுகளில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரும். மணற்கரைகளில் கடல் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் கரை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பின்வாங்கும் என்பது கடலோரப் பொறியியலில் பழகிய ஒரு தோராய விதி. இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், அளவு பிடிபடுகிறது. ஐந்து முதல் ஒன்பது மீட்டர். மெரினாவுக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றாது. பட்டினப்பாக்கத்தில் அது ஒரு வரிசை வீடுகள். அதன் மேல் மணல் வரத்தும் குறைந்தால் இந்தக் கணக்குப் பல மடங்காகும். 2046 வரை பேசும் திட்டம் பின்வாங்கும் இந்தக் கரைக்கோட்டை வரைபடத்தில் போட்டுக் காட்டாமல் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கலாகாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி சீனிவாசபுரத்தையும் நொச்சிக்குப்பத்தையும் தாக்கியதை அனுபவித்த நகரத்துக்கு, கரையோரம் ஓர் அகலமான காலி இடம் இருப்பதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வணிகமே வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கு உரிய இடம் மணலுக்குப் பின்னால், கெட்டியான தரையில் இருக்கிறது. கலங்கரை விளக்கம், திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம் என்று பறக்கும் ரயில் நிலையங்கள் கரைக்கு இணையாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள இடங்கள் இன்னும் சரிவரப் பயன்படவில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ஒரு வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, திருமயிலையையும் பனகல் பார்க்கையும் தொட்டுப் பூந்தமல்லிக்குப் போகிறது. கடற்கரைக்கு வருகிறவர்களை நம்பிய கடைகளும் உணவகங்களும் அலுவலகங்களும் இந்த நிலையங்களின் நடைதூரத்தில் எழுந்தால் நகரத்துக்கு வருவாயும் கிடைக்கும், கரைக்குச் சேதமும் வராது. பாய்மரப் படகு ஓட்ட விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதலே பாய்மரப் படகுச் சங்கம் இயங்குகிறது. கட்டி முடித்து, சேதமும் செய்து முடித்த அலைத்தடுப்பின் மறைவில்தான் அது இருக்கிறது. உல்லாசப் படகுத்துறை ஒன்று சென்னைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், அதைப் பழைய துறைமுகத்தின் நீருக்குள்ளேயே ஒதுக்குவது புதிதாக ஒரு சுவர் கட்டுவதைவிட எல்லா வகையிலும் மேல். முட்டுக்காட்டின் காயல் சிறு படகுகளுக்கு 1980களிலிருந்தே பயன்படுகிறது. அங்கேயும் முகத்துவாரத்தில் கைவைக்காமல் இருப்பது அவசியம்.

மூன்றாவது முழுமைத் திட்டம் ஒப்புதல் பெறும் முன்பு, சட்டப்படி அதன் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தையும் ஆட்சேபத்தையும் கேட்டாக வேண்டும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் வசிக்கிற நீங்கள், அந்த வரைவு வரும்போது உங்கள் தெருவின் நிறம் என்னவென்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடையாற்று வாயிலிருந்து எண்ணூர் வரை ஆண்டுக்கு எவ்வளவு மணல் போகிறது, முன்மொழியப்படும் ஒவ்வொரு கட்டுமானமும் அதில் எவ்வளவை நிறுத்தும் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கணக்கு இணைக்கப்படாத எந்தக் கடலோரத் திட்டத்துக்கும் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.